சிபுரிக்கு வரும் வழி

சிபுரித் தீவு
மார்ச் 6

அன்புள்ள மிஹாருவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமைப் படகில் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், நீ கட்டிக்கொள்ளப்போகும் தைச்சியை அழைத்துக்கொண்டு ஒருமுறை இங்கே வந்து போகலாமா என்று கேட்டிருந்தாய். மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்கும்போது கினுயோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கினுயோ யாரென்று உனக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்கு முன் நான் மணந்துகொண்டவள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். புத்தாண்டு அட்டையில் இரண்டு வரிக்கு மேல் எழுதத் தெரியாதவன் நான். அதனால் இதைக்கூட உனக்குச் சொல்லாமலே இருந்துவிட்டேன். தப்புதான்.

இங்கே நாங்கள் இருவரும் நலம். மாடுகள் இப்போது பதினான்கு. போன வாரம் ஒரு கன்று பிறந்தது. தாய் அதைக் கிட்டே சேர்க்கவில்லை, புட்டியில் பால் கொடுத்துப் பழக்கியிருக்கிறேன். நான் நடந்தால் பின்னாலேயே வருகிறது. மழை குறைவு, ஆனால் புல் மோசமில்லை.

வருவதானால் ஏப்ரல் கடைசி வாரம் வா. மே பிறந்துவிட்டால் விடுமுறைக் கூட்டம், படகில் கால் நீட்டிப் படுக்க இடம் கிடைக்காது. ஏப்ரலில் அகாஹகே குன்று முழுக்கக் காட்டு முள்ளங்கி பூத்திருக்கும். நம் மாடுகளும் அங்கேதான் மேயும். ஒகயாமாவில் மத்தியான ரயில் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் மாத்சுவேக்கு வந்துவிடலாம். அன்று அங்கேயே தங்கிவிடு. மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலிலிருந்து துறைமுகத்துக்குப் பஸ் வரும். அதைத் தவறவிட்டால் படகும் தவறிவிடும், ஆகவே டீ குடிக்கிறேன், படம் எடுக்கிறேன் என்று நிற்காதீர்கள். பஸ்ஸிலிருந்து படகு வரைக்கும் பத்தே நிமிஷம்தான்.

படகில் இரண்டு மணி நேரம். தைச்சிக்குக் குமட்டல் வருமா? வருமென்றால் வயிற்றைக் காலியாக வைக்க வேண்டாம், ஒரு சோற்று உருண்டையாவது சாப்பிடச் சொல். நல்ல செருப்பாகப் போட்டு வா. சாணி மிதிக்காமல் இந்தத் தீவில் நடக்க முடியாது. என் வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம் என்பதால் கிராம அலுவலகத்து நண்பனிடம் காருக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

சாப்பாடு பற்றித்தான் கவலை. கினுயோ கடல் நத்தை போட்டுக் குழம்பு வைப்பாள், ஊரே அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஆனால் ஏழு வயதில் நீ ஒரே ஒரு சிப்பி தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தாய். இப்போது எப்படி? உனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு தாளில் எழுதி அனுப்பு.

எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு விடுதியில் அறை பேசிவைத்திருக்கிறேன். விடுதிக்காரர், "யாரு வர்றாங்க?" என்று கேட்டார். "விருந்தாளிங்க" என்றேன். பக்கத்தில் நின்ற கினுயோ வீடு வந்து சேரும் வரை விடவில்லை. "விருந்தாளியாம்ல! மகள்னு சொன்னா நாக்குல சுளுக்கு புடிச்சிருமோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

திரும்பும் நாளுக்கு மறுநாளும் விடுப்பு எடுத்துக்கொள். காற்று எழுந்தால் படகு நின்றுவிடும்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். படகு நிற்பதைப் பற்றி உனக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

நீ ஆறாம் வகுப்பு முடித்த வருஷம், பள்ளி விழாவுக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாய். முந்தின நாளே வந்துவிடுகிறேன் என்று பதில் எழுதினேன், படகு நேர அட்டையும் கூடவே அனுப்பினேன். நான் வரவில்லை. காற்றினால் படகு நின்றுபோனதாமே, பரவாயில்லை அப்பா என்று நீ எழுதினாய். ஆமாம், பெரிய அலை என்று நானும் எழுதினேன்.

மிஹாரு, அன்று படகு நிற்கவில்லை. கடலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நான் கோட்டும் டையும் போட்டு, சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு துறைமுகத்தில்தான் நின்றேன். கயிறு அவிழ்க்கும் சசானோ, "ஏறுடா தோகுஜி, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறே! அவுக்கப் போறேன்" என்று சத்தம் போட்டான். "அடுத்ததுல போறேன்" என்றேன். அடுத்தது கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உன் அம்மா யோஷிமி அதற்கு முந்தின வருஷம்தான் கஜிதானியை மணந்திருந்தாள். விழாவுக்கு அவரும் வருகிறார் என்று எழுதியிருந்தாய். நல்ல மனிதர், நல்ல வேலை. அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். அச்சகம் மூடி வேலை போய், சித்தப்பாவின் மாடுகளை மேய்க்கத் தீவுக்கு வந்தவன் நான். கோட்டை எத்தனை தடவை முகர்ந்து பார்த்தாலும் மாட்டு வாடை அடித்தது. எல்லோர் முன்னாலும் நீ யாரை அப்பா என்று கூப்பிடுவாய்? அவரைக் கூப்பிட்டால் என் முகம் எப்படிப் போகும்? இதை யோசித்துக்கொண்டு நின்றேன். படகு போய்விட்டது. அன்று பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். மறுநாளிலிருந்துதான் அது ஏறி உட்கார்ந்தது.

உன் அம்மா மனம் பொறுத்து உன்னிடம் காற்று என்று சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு உனக்கு வேறு என்ன எழுதுவது? அதனால்தான் இத்தனை வருஷமாய் இரண்டே வரி.

நேற்று கினுயோவிடம் எல்லாம் சொன்னேன். "தீவுல அறுநூறு பேரு. அதுல பாதிப் பேருக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். சசானோ வாயைத் தெரியாதா? அந்தப் பொண்ணு படகை விட்டு இறங்குறதுக்குள்ள சொல்லிருவான். நீங்களே முந்திக்குங்க. தெரிஞ்சப்புறமும் வந்தா, அதுதான் வர்றது" என்றாள்.

ஆகவே எழுதிவிட்டேன். இதைப் படித்த பிறகு வர மனமில்லையென்றால் குறையாக நினைக்க மாட்டேன். ரயில் நேரங்களைத் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வராவிட்டாலும் அது உன்னிடமே இருக்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவுக்கும் கஜிதானிக்கும் என் வணக்கம்.

தோகுஜி


ஒகயாமா
மார்ச் 19

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் வேலைக்குப் போய் வந்தேன். கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. அதனால்தான் பதில் தாமதம்.

காற்று என்று சொன்னது அம்மா இல்லை. நான்தான்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷனில் நானும் அம்மாவும் மூன்று ரயில் பார்த்தோம். மறுநாள் விழா தொடங்குமுன் பள்ளி அலுவலகத் தொலைபேசியிலிருந்து, நீங்கள் அனுப்பிய நேர அட்டையில் இருந்த படகு அலுவலக எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தவர், "நேத்து கடல் கண்ணாடி மாதிரில்ல இருந்துச்சு பாப்பா! படகு நேரத்துக்கு வந்து சேர்ந்துச்சே. யாரைத் தேடுறே?" என்றார். வைத்துவிட்டேன். வெளியே அம்மா, "என்னடி சொன்னாங்க?" என்று கேட்டாள். அவள் உங்களைத் திட்டத் தயாராக நின்றாள். கஜிதானி அப்பா முன்னால் அவள் உங்களைத் திட்டுவதை என்னால் கேட்க முடியாது. "காத்தாம்மா, படகு விடலையாம்" என்றேன்.

பிறகு உங்களுக்கும் அதையே எழுதினேன். நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். 'ஆமாம், பெரிய அலை' என்று வந்தது. நீங்கள் வராததைவிட அந்த வரிக்குத்தான் எனக்கு இத்தனை வருஷக் கோபம். உங்கள் புத்தாண்டு அட்டைகளைப் படித்ததும் மேஜை டிராயரில் போட்டு மூடிவிடுவேன். கிழித்ததில்லை.

இந்தத் தடவை நான் கேட்காமலே சொல்லிவிட்டீர்கள்.

ஏப்ரல் 24 காலைப் படகில் வருகிறோம். தைச்சிக்குப் பஸ்ஸிலேயே குமட்டும், படகைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "மாடு முட்டுமா?" என்று வேறு தினமும் கேட்கிறான். நத்தை, சிப்பி எல்லாம் இப்போது சாப்பிடுவேன், காளானை மட்டும் தொட மாட்டேன். விடுதி வேண்டாம். கினுயோ அம்மாவிடம் சொல்லுங்கள், பாய் விரிக்க இடம் இருந்தால் போதும்.

மிஹாரு


சிபுரித் தீவு
மார்ச் 25

என் மகள் மிஹாருவுக்கு,

உன் கடிதத்தைத் தொழுவத்தில் நின்றே படித்தேன். கினுயோ வாங்கிப் படித்தாள். உடனே உள்ளே போய் மெத்தைகளையெல்லாம் எடுத்து வெயிலில் போட்டாள். நீங்கள் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்றேன். "இருக்கட்டுமே, தினமும் போடுவேன்" என்கிறாள். மாடு முட்டாது என்று தைச்சியிடம் சொல். மோப்பம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு வயதுப் பெண் எனக்காகச் சுமந்ததை நினைத்தால் எழுத்து ஓடவில்லை. மன்னிப்பைக் கடிதத்தில் கேட்டு முடித்துவிட விருப்பமில்லை. நேரில் கேட்கிறேன்.

திட்டத்தில் ஒரு மாற்றம். நீங்கள் இருவரும் தனியாகப் படகேற வேண்டாம். நான் அக்கரைக்கு வருகிறேன். 24ஆம் தேதிக்கு 23ஆம் தேதி புறப்பட்டால் போதும், நான் 21ஆம் தேதியே புறப்படுகிறேன். காற்று வந்தாலும் இரண்டு நாள் கையில் இருக்கும். மாடுகளைப் பார்த்துக்கொள்ள சசானோ ஒப்புக்கொண்டான். "இந்தத் தடவை ஏறலேன்னா நானே கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவேன்" என்று சொல்லியிருக்கிறான்.

மாத்சுவே ஸ்டேஷனில் சீட்டு கொடுத்து வெளியே வரும் வழிக்கு எதிரே நிற்பேன். தலை முழுக்க நரைத்துவிட்டது, கொஞ்சம் கூனும் விழுந்திருக்கிறது. உனக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகலாம். எனக்கும் முப்பது வயது மிஹாருவைத் தெரியாது. ஆகவே நீதான் கூப்பிட வேண்டும். இடது காது மந்தம், கூட்டத்தில் மெல்லக் கூப்பிட்டால் கேட்காது. வெட்கப்படாமல், நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கக் கூப்பிடம்மா.

நன்றாக இரு, சௌக்கியமாக வந்து சேர்.

அப்பா