மாப்பிள்ளை கேட்ட ஹார்டு டிஸ்க்

ஜூன் 4, செவ்வாய்

என் கணினியின் ஹார்டு டிஸ்க் தானமாகிவிட்டது. செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்தது. மகள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை கேமரா மாட்டியிருக்கிறார். அது பார்ப்பதையெல்லாம் சேர்த்துவைக்கப் பெரிய டிஸ்க் வேண்டுமாம். “நம்ம வீட்டுலயே ஒண்ணு சும்மா கிடக்கே மாப்பிள்ளை” என்று என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். சும்மா கிடப்பது, வாராவாரம் நான் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் தயாரிக்கும் கணினி.

“ஃபைலையெல்லாம் பென் டிரைவ்ல போட்டுக்கலாம் அத்தை. அஞ்சு நிமிஷ வேலை.”

“ஃபைல் வந்துடும் மாப்பிள்ளை. அதைத் திறக்குற ப்ரோக்ராம் வராதே?”

கட்டம் போட எனக்கு அந்த ஒரு ப்ரோக்ராம்தான். எழுதியவர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார். மறுபடி நிறுவ வழியில்லை. இந்தக் கணினியின் பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். சொன்னேன். மாப்பிள்ளை புன்னகைத்தார். நிலாவைக் கேட்கும் குழந்தையிடம் பெரியவர்கள் புன்னகைப்பார்களே, அது.

ஜூன் 5, புதன்

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. இரண்டு புதிர் முடித்தேன்.

ஜூன் 7, வெள்ளி

பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். “நீங்க எதுக்கும்மா சிரமப்படணும்? இப்போ மெஷினே கட்டம் போட்டுடுது. ஒரு வாரம் லேட்டானா சொல்லுங்க, அதையே போட்டுக்கறோம்.”

அக்கறைதான். மாதிரிக்கு ஒன்று அனுப்பியிருந்தார். இடமிருந்து வலம் ஆறு: தண்ணீர். மேலிருந்து கீழ் ஒன்பது: தண்ணீர். மெஷினுக்குத் தாகம் போலிருக்கிறது.

ஆக, ஒரு வாரம் தவறினால் என் பக்கம் போயிற்று. திரும்பி வராது.

ஜூன் 8, சனி

மகள் போனில் அழுதாள். “ஒரு டிஸ்க்குக்காக என்னை அவர் முன்னாடி சங்கடப்படுத்தறியேம்மா.”

இறங்கி வந்தேன், அரை அடி மட்டும். டிஸ்க்கைத் தருகிறேன், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் இயங்குதளத்தோடு அப்படியே, அலமாரியில் கிடக்கும் சின்ன டிஸ்க்குக்கு மாறிய பிறகு. மாற்றுவது நான்.

“உனக்கு எதுக்கு இந்த வேலை? மாப்பிள்ளை பாத்துக்குவாரு” என்றார் கணவர்.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டால் எனக்குப் பென் டிரைவ்தான் மிஞ்சும்.

ஜூன் 9, ஞாயிறு

நகலெடுக்கும் ப்ரோக்ராம் முதலில் மறுத்துவிட்டது. பெரிய டிஸ்க்கில் கால்வாசிகூட நிரம்பவில்லை. இருந்தாலும் சுவர்களைச் சுருக்காமல் சின்ன வீட்டுக்குக் குடிபோக மாட்டேன் என்கிறது. சம்பந்தி வீட்டாரைவிடக் கறார். சுருக்கினேன். டிஸ்க்கில் உள்ள பகுதிகளின் பட்டியலில் முதலாவதாகப் பெயரில்லாத ஒரு துளிப் பகுதி இருந்தது. குப்பை என்று விட்டுவிட்டுப் பெரிய பகுதியை மட்டும் நகலெடுத்தேன். முடிந்ததும் கணினியை மறுபடி போட்டேன். புதிர் திறந்தது! எழுந்து நின்று எனக்கு நானே கை குலுக்கிக்கொண்டேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தாயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

கறுப்புத் திரை. இயங்குதளம் காணவில்லை என்று ஒரே ஒரு வரி.

மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். “கேமரா பெட்டியில மாட்டினதும் அழிச்சிடவான்னு கேட்டுச்சு அத்தை. சரின்னுட்டேன்.”

அப்ப நான் எதைச் சோதிச்சுப் பாத்தேன்? ரெண்டு டிஸ்க்கும் மாட்டித்தானே இருந்துது — ஓடினது பழசு! பழசு ஓடுறதைப் பாத்துட்டு, புதுசு ஓடுதுன்னு குதிச்சிருக்கேன். யாராவது செய்வாங்களா இதை?

“நான் அப்பவே சொன்னேன்” என்றார் கணவர். அவர் எதையும் சொல்லவில்லை.

முடித்துவைத்த புதிரும் உள்ளே மாட்டிக்கொண்டது. வியாழன் மதியத்துக்குள் புதிர் போய்ச் சேர வேண்டும்.

ஜூன் 12, புதன்

அளவுகோல், பென்சில், ரப்பர். கையால் கட்டம் போட்டுப் படமெடுத்து அனுப்பினேன்.

“என்னம்மா இது, கையால?” என்றார் ஆசிரியர்.

“அதுதான் சார் இப்போதைக்கு ஓடுது.”

“இந்த ஒரு வாரம் பாத்துக்கறேன். அடுத்ததும் இப்படின்னா மெஷின்தான்.”

ஜூன் 15, சனி

சின்ன டிஸ்க்கைக் கணவரின் லேப்டாப்பில் கேபிள் போட்டுப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. இயங்குதளம், ப்ரோக்ராம், இத்தனை வருடப் புதிர்கள். நான் குப்பை என்று ஒதுக்கிய துளிப் பகுதி மட்டும் இல்லை. கணினி விழித்ததும் எங்கே போக வேண்டும் என்று சொல்வது அதுதானாம்.

நடுவில் மாப்பிள்ளையின் போன். “விட்டுடுங்க அத்தை, புதுசாவே ஒண்ணு வாங்கித் தரேன்.”

“நல்ல மனசு மாப்பிள்ளை. வைங்க, கை வேலையா இருக்கு.”

லேப்டாப்பில் பழுதுபார்க்கும் பென் டிரைவ் ஒன்று தயாரித்து, அதிலிருந்து கணினியைக் கிளப்பினேன். சரிசெய்துவிட்டேன் என்றது. பொய். மறுபடியும் சொன்னது. மறுபடியும் பொய். பிறகு, இந்தப் பகுதியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நானே குறித்துவிட்டுச் சரிசெய்யச் சொன்னேன். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியைப் போட்டேன்.

ஓடியது. குதிக்கவில்லை. அணைத்தேன். வேறெதுவும் மாட்டியிருக்கவில்லையே என்று குனிந்து பார்த்தேன். மறுபடி போட்டேன். ஓடியது.

அப்புறம்தான் குதித்தேன்.

ஜூன் 22, சனி

இந்த வாரப் புதிர் கணினியிலிருந்தே போனது. இன்னொரு டிஸ்க் வாங்கி, ஒரு துளியும் விடாமல் முழு நகலும் எடுத்துவைத்துவிட்டேன். தனியாக மாட்டி ஓட்டியும் பார்த்தாயிற்று.

மாலையில் மாப்பிள்ளை வந்தார். கேமரா பெட்டியில் இடம் போதவில்லையாம். “மாமா, நகல் எடுத்த டிஸ்க் ஒண்ணு சும்மாதானே இருக்கு?”

கணவர் பேப்பரை மடித்தார். “அது அவளோடது மாப்பிள்ளை. என்னைக் கேட்டா எப்படி?”

மாப்பிள்ளை நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என்னிடம் கேட்டார்.

மாட்டேன் என்றேன். மூன்று பேரும் காபி குடித்தோம்.