கூரையில்லாத பட்டி

கோக்-தோர் மேய்ச்சல் மலை,
ஆகஸ்ட் கடைசி.

பெகிமாயின் அப்பாவுக்கு, சைராகுல் எழுதுவது.

இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெகிமாய் தனியாகக் குதிரை ஏறுகிறாள். நீங்களும் அந்த மாஸ்கோ கிடங்கில் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசியிருக்கலாம், மலையை விட்டு இறங்கினால் சிக்னல் கிடைக்கும். ஆனால் போனில் நீங்கள் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசிவரை படித்துத்தானே ஆகவேண்டும்? அதனால் மாஸ்கோ வரும் பாகித்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு பை உலர்தயிர் உருண்டையும் இருக்கிறது. வழியில் அவன் தின்றது போக மிச்சம் உங்களுக்கு.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆடுகள் குறைந்துவிட்டன. நூறு சேர்ந்ததும் ஊருக்கே வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனீர்களே, தொண்ணூறைத் தாண்டியிருந்தோம். இப்போது அறுபதுகூட இல்லை.

நீங்கள் போனபோது இந்த மலை எப்படிக் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆடு ஏறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. புல் இடுப்பு உயரம் வளர்ந்து, சாய்ந்து, அழுகிக் கிடந்தது. எதிரி வருவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பூனையைவிடப் பருத்த அந்தச் சூர் அணில்கள் பொந்து வைக்குமா? அவை போயின. அவற்றைத் தின்று வாழ்ந்த கழுகும் பனிச்சிறுத்தையும் போயின. ஊரை ஒட்டிய புல்வெளியோ எல்லா வீட்டு ஆடும் மொய்த்து மொட்டையாகிவிட்டது. வனவிலங்கு ஆபீஸ்காரர்கள் வந்து, பழையபடி மேலே போய் ஆடு மேய்த்துக்கொள்ளுங்கள், புல் குட்டையானால் அணிலும் சிறுத்தையும் திரும்பி வரும், ஆனால் முகட்டைக் காட்டாடுகளுக்கு விட்டுவிட வேண்டும், துப்பாக்கியும் விஷமும் கூடாது, மீறினால் அனுமதி ரத்து என்றார்கள். ஊரே சிரித்தது. நான்தான் ஒத்துக்கொண்டு, எட்டு வீட்டு ஆடுகளையும் நம் ஆடுகளோடு சேர்த்து ஓட்டி வந்தேன். இந்தக் கோடையில் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் நாலா பக்கமும் சூர் அணில்களின் விசில்தான். நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அந்த விசிலைக் கேட்டது நான் மட்டும் இல்லை. பனிச்சிறுத்தைக்கும் கேட்டிருக்கிறது.

தப்பு என்னுடையதுதான். ஆலங்கட்டி கொட்டிய அந்தச் சாயங்காலம், ஆடுகளைக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நாய்களோடு படுக்கவைக்காமல், மேலே இருக்கும் பழைய கல்பட்டியில் அடைத்தேன். சுவர் ஆளுயரம், கதவும் திடமானது, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கூரை இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. விடிந்து போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், மூலையில் சிறுத்தை வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. தின்றது ஒரே ஆட்டில் பாதி. கொன்றது முப்பத்து நாலு. ஆடுகள் மிரண்டு ஓட ஓட அதுவும் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பிழைத்தவை எதிர்மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்து நின்றன.

உங்கள் தம்பி தாலாய் கம்பளிச் சுருளுக்குள்ளிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தான். அதை அவன் மலைக்குக் கொண்டுவந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். "அண்ணி, நகருங்க. ஒரே குண்டு. தோலை வித்தா செத்த ஆட்டுக்கெல்லாம் ஈடு கட்டிடலாம்" என்றான். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். "சுடு. நாளைக்கே எல்லா ஆட்டையும் கீழ இறக்கணும். அங்க போய் அதுங்க எதை மேயும்? உன் தலைல இருக்கிற நாலு முடியையா?" என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான். நானும் அழுதேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதைக் கொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் அது திரும்பி வரவேண்டும் என்றுதானே இரண்டு கோடையாக இங்கே கிடக்கிறோம்? வந்தபிறகு சுடுவது என்ன நியாயம்?

கதவைத் திறந்தோம். ஆடுகள் பிய்த்துக்கொண்டு வெளியே பாய்ந்தன. அது அசையவில்லை, விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. நாங்கள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இல்லை.

மறுநாள் அந்த எட்டு வீட்டு ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். ஜுமகான் அக்கா குதிரையை விட்டு இறங்காமலே, "சிறுத்தைக்கு விருந்து வைக்க என் ஆடுதான் கிடைச்சுதாடி? மிச்சத்தையாவது வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறோம்" என்றாள். எட்டு வீட்டு ஆடும் போய்விட்டால் இவ்வளவு புல்லையும் நம் ஆடுகள் மட்டும் மேய்ந்து தீர்க்க முடியாது, அடுத்த வருஷமே மலை பழையபடி ஆகிவிடும். அதனால், காது அடையாளம் பார்த்து, செத்த ஒவ்வொன்றுக்கும் நம்முடையதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்சமும் கூசாமல் நல்ல தாயாடுகளாகப் பார்த்துப் பிடித்தாள். கிளம்பும்போது மட்டும், "அடுத்த கோடைக்கும் நீதானே ஏறுவே?" என்று கேட்டாள். அவர்கள் ஆடுகள் எல்லாம் இன்னும் இங்கேதான் மேய்கின்றன.

உங்களைக் கேட்காமல் செய்தேன். அந்த ஆடுகள் நீங்கள் மூட்டை தூக்கிய இரண்டு குளிர்காலம் என்பது எனக்குத் தெரியும். கோபம் வந்தால் வரட்டும், நேரில் வந்து திட்டுங்கள். இதைப் படித்ததும், இன்னும் நாற்பது ஆடு, இன்னும் ஒரு குளிர்காலம் என்று கணக்குப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். நூறு என்று நான் கேட்கவில்லை, அது நீங்களாகச் சொன்னது. ஒரு சிறுத்தை ஒரே ராத்திரியில் அழித்துவிடக்கூடிய எண்ணிக்கையை நம்பி நான் இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பேன்?

ஐம்பத்தெட்டு ஆடு இருக்கிறது. பெகிமாய் இருக்கிறாள். நான் இருக்கிறேன். இது போதும் என்று தோன்றினால், பனி பாதையை மூடுவதற்குமுன் கிளம்பி வாருங்கள். பயணம் கிளம்புகிறவர்களுக்கு நம் பெரியவர்கள் சொல்கிற மாதிரி, உங்கள் வழி தடங்கல் இல்லாமல் வெள்ளையாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சைராகுல்