தட்டில் செத்த கிருமி

அப்பா, இன்று காலை ஆய்வுக்கூடத்தில் உலர்த்தும் அடுப்பைத் திறந்தேன். வாடிய தேயிலையின் மணம் முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரம் கதவை மூடாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

தேயிலை விலை விழுந்த அந்த வருடம் நினைவுக்கு வந்தது. மலைமேல் கட்டபெட்டில் நீங்கள் ஆசையாக வாங்கிய ஒரு ஏக்கரின் இலையை பேக்டரி திருப்பி அனுப்பியது. மூட்டைகளைச் சாலையோரப் பள்ளத்தில் கொட்டினீர்கள். ஒரு மூட்டையை மட்டும் நான் கோயமுத்தூர் ஆய்வுக்கூடத்துக்கு பஸ்ஸில் எடுத்து வந்தேன்.

"இத வெச்சு என்ன பண்ணப்போற அம்மிணி?"

தேயிலைச் சத்து கிருமியைக் கொல்லும், ஆனால் உடம்புக்குள் சீக்கிரமே சிதைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத நானோ துகளுக்குள் பொதிந்து அனுப்பினால் தாங்கும் என்று விளக்கினேன்.

"அப்ப நம்ம எலைக்கும் ஒரு வேல இருக்குது" என்று சிரித்தீர்கள். அந்த வருடம் நீங்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அடுத்த மாதம் செடியை வெட்டிவிடும் கவாத்துக் கத்தி உங்கள் பாதத்தில் பட்டது. ஏற்கெனவே சர்க்கரை. புண் ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசியை மாற்றி மாற்றிப் போட்டும் கிருமி அசையவில்லை. அதே வகைக் கிருமி படர்ந்திருந்த எங்கள் ஆய்வுக்கூடத் தட்டில், நம் இலைக் கலவை விழுந்த இடம் மட்டும் கிருமி செத்துத் தெளிந்திருந்தது. அம்மாவிடம் சொன்னேன், அவள் உங்களிடம் சொல்லிவிட்டாள்.

நான் கட்டிலருகே உட்கார்ந்ததுமே கேட்டீர்கள்: "அந்த மருந்த என் கால்ல கொஞ்சம் போட்டுப் பாக்கலாமா கண்ணு?"

"அது மருந்து இல்லீங்கப்பா. மனுசத் தோல என்ன பண்ணும்னு இன்னும் தெரியாதுங்க."

"எப்பத் தெரியும்?"

"வருசமாகுங்க."

"தெரியாததப் போட வேண்டாம்" என்றீர்கள். அம்மாதான் என் கையைப் பிடித்து அழுதாள். "பெத்தவனுக்கு ஆகாதது ஊருக்கு என்னத்துக்குப் புள்ள?"

உங்கள் காலை வெட்டி எடுத்தார்கள். அதற்குள் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. உங்களை எரித்த அன்று மழை விடவேயில்லை. விறகு பிடிக்க மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது.

பிறகு அந்தக் கலவையைத் தோல் செல்கள்மேல் சோதித்தோம். கிருமியைக் கொன்ற அதே அளவு, செல்களையும் கொன்றது. போட்டிருந்தால் புண் இன்னும் ஆழமாகியிருக்கும். அம்மாவிடம் சொன்னபோது, "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நானோ துகளின் உறையை மாற்றி மறுபடி தொடங்கியிருக்கிறோம். இப்போதைய கலவை தோலை விட்டுவிடுகிறது. கிருமியையும் பாதி விட்டுவிடுகிறது.

அன்று நீங்கள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் சொல்லை நம்பி, போர்வையை இழுத்து அந்தப் புண்பட்ட காலை நீங்களே மூடிக்கொண்டீர்களே அப்பா, அதைத்தான் இன்னும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.