வாப்பா அடைத்த ஓட்டை

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், அல்ஹம்துலில்லாஹ். டோஹா வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். குரல் அனுப்பினால் ஹோலில் படுத்திருக்கும் வாப்பாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கொப்பித்தாளில் எழுதி உம்மாவின் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் பழைய ஒஸ்டின் காரின் பெற்றோல் பம்பை வாப்பா இந்த மாதம் மூன்று தரம் கழற்றிப் பூட்டிவிட்டார். பெற்றோலை உறிஞ்சித் தள்ளும் ரப்பரை நீங்கள் புதிதாக அனுப்பினீர்களே, அது பொருந்தாதாம். அதை அலுமாரியில் போட்டுவிட்டு டிராக்டர் டியூபில் ஒரு வட்டம் வெட்டிப் போட்டார். பெற்றோலில் ஊறி அது பப்படம் மாதிரி நெளிந்தது, இன்னொன்று வெட்டினார். ஸ்பிரிங் தெறித்துக் கோழிக்கூட்டுக்குள் போனது, தேடியதும் நான், ஏச்சு வாங்கியதும் நான். ஓட்டோ ஓடும் முத்தலிபு மாமா எட்டிப் பார்த்து, “மச்சான், இந்தக் காருக்குப் பெற்றோல் அடிக்காதீங்க, தள்ள வாற எங்களுக்குச் சோறு போடுங்க” என்று சொல்ல வாப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. பிறகு பம்பின் அடியிலுள்ள சின்ன ஓட்டையால் பெற்றோல் சொட்டியது. வள்ளத்தில் ஓட்டை அடைத்துப் பழகிய கை அல்லவா, வள்ளத்துக்குப் பூசும் ரெசினைக் குழைத்து அதை அடைத்துவிட்டார். உள்ளே ரப்பர் கிழிந்தால் காட்டிக்கொடுக்கத்தான் அந்த ஓட்டை என்று போன பெருநாளைக்கு நீங்கள் சொன்னீர்கள், நான்தானே டோர்ச் பிடித்தேன். இப்போது வெளியே சொட்டவில்லை. ஆனால் பின்னேரம் ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன், ஒயில் கோட்டுக்கு மேலே நிற்கிறது, தண்ணீர் மாதிரி ஓடுகிறது, பெற்றோல் மணக்கிறது, வெளியே சொட்டியதெல்லாம் இப்போது எஞ்சின் ஒயிலுக்குள் இறங்குகிறது. சொன்னதற்கு, “மத்தவன்ட எஞ்சின் ஒயில் குடிக்கும், என்ட எஞ்சின் ஒயில் சுரக்குது, அதுக்கும் குறையா? போய்ப் படி புள்ள” என்று சிரிக்கிறார். உம்மாவோ வாப்பாவுடன் வாய் கொடுக்காதே என்கிறார்.

நாளைக் காலை றிஸானா ராத்தாவைப் பிள்ளைப்பேற்றுக்குப் புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஓட்டோவில் போகலாம் என்றால், “என்ட மகள என்ட காருலதான் கூட்டிப் போவன்” என்று ஒரே பிடியாக நிற்கிறார். வழியில் தீப்பிடித்தால் ராத்தாவால் இறங்கி ஓடவும் முடியாது நானா.

அதனால் எல்லோரும் படுத்த பிறகு பொனட்டைத் திறந்து டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள் இருக்கும் ரோட்டரைக் கழற்றிவிட்டேன். அது இல்லாமல் கார் ஸ்டார்ட் ஆகாது. ராத்தாவை முத்தலிபு மாமாதான் கொண்டுபோக வேண்டிவரும். வாப்பா ரோட்டரைத் தேடமாட்டார், பம்பைத்தான் ஏசுவார், திரும்பவும் அதைத்தான் கழற்றுவார். அந்த நேரம் பார்த்து நீங்கள் அழைத்து அலுமாரியிலுள்ள ரப்பரைப் போடவும், ஓட்டையைத் திறக்கவும், ஒயிலை முழுதாக மாற்றவும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார். என் பெயரை மட்டும் எடுக்க வேண்டாம்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல உடம்பையும் பரக்கத்தையும் தரட்டும். வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதீர்கள். நீங்கள் அங்கே சுபஹ் தொழுததும் அழைக்க மறக்க வேண்டாம், இங்கே அப்போது நன்றாக விடிந்திருக்கும். ரோட்டர் என் கவராயப் பெட்டிக்குள் இருக்கிறது, நீங்கள் பேசி முடிக்கும்வரை அது என்னோடு பாடசாலையில்தான் இருக்கும்.

துஆவுடன்,
தங்கை றுஷ்னா