இக்னேசியஸ் அனுப்பிய நான்கு போத்தல்கள்

மல்வேர்ன், ரொறன்ரோ
24 ஓகஸ்ட் 2025

அன்புத் தம்பி இக்னேசியஸுக்கு,

அக்கா வேரோனிக்கா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். நீயும் அந்தத் தோட்டத்து வெயிலில் சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறேன். இப்போது அங்கே திராட்சை வெட்டுத் தொடங்கியிருக்கும், மாமாவுக்கு மூச்சு விடவும் நேரமிராது என்று உன் மருமகன் ஜோசுவா சொன்னான். பரவாயில்லை, ஆறுதலாக வாசி. ஆனால் கடைசிவரை வாசி. கோபம் வந்தால் பாதியில் மடித்து வைக்கிற பழக்கம் உனக்கு உண்டு.

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனில் என்றால் நான் அழுவேன், நீ "சரியக்கா, பிறகு கதைப்பம்" என்று வைத்துவிடுவாய். பதின்மூன்று வருடமாக அப்படித்தானே கதைக்கிறோம்.

ஸ்டெபனியின் கலியாணக் கார்ட் உனக்குக் கிடைத்து இரண்டு மாதமாகிறது. ஒக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை. நீ வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. யூலையில் பிள்ளைகள் இருவரும் உன்னிடம் வந்து ஒரு கிழமை நின்றபோது ஸ்டெபனி நேரே கேட்டாளாம். அதற்கு நீ, "கொம்மாவுக்கு நான் ஒரு சாராயக்காரன். சபையிலை என்னை ஆரெண்டு சொல்லுவா? போத்தல் தாறன், அது வந்தால் காணும்" என்றாயாம். இதை என்னிடம் சொல்ல அவளுக்கு ஒரு மாதம் எடுத்தது. கேட்ட அன்று நான் உலையில் அரிசி போட மறந்து, வெறும் தண்ணீரைக் கொதிக்க விட்டுக்கொண்டு நின்றேன்.

உன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2012இல் கோவிலில் ஸ்டெபனியின் உறுதிப்பூசுதல் சடங்குக்கு நீ டிக்கெட் எடுத்துவிட்டு, எங்கள் தோட்டத்துச் சிவப்பு வைன் கொண்டுவாறன் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். நான் "போத்தலோடை என்ரை வீட்டு வாசலுக்கு வராதை" என்றேன். ஏனக்கா என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். உன் தொழிலை நான் ஒருநாளும் இழிவாக நினைத்ததில்லை, தம்பி. அகதியாகப் பாரிஸில் கோப்பை கழுவிய பிள்ளை, ஒரு பருவம் பழம் வெட்டத் தெற்கே போய், இன்று அந்த வைன் நிலவறையின் திறப்பைக் கையில் வைத்திருக்கிறாய் என்று எத்தனை பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். உன்னிடம்தான் சொல்லவில்லை.

அன்று ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை எழுதத்தான் இந்தக் கடிதம். அதற்கு முதல் உன் போத்தல்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

ஆளுக்கு இரண்டுதான் வரியில்லாமல் கொண்டுவரலாமாம். ஆகவே நான்கு வந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நீ மட்டை கட்டி, உன் கோழிக் கிறுக்கல் எழுத்தில் எழுதியிருந்தாய். பிக்பூல் என்ற வெள்ளை வைனில், "நண்டுக்கும் கணவாய்க்கும். நல்லாக் குளிர விடு, ஐஸ் போடாதை." சான்ஸோ திராட்சையில் செய்த ரோஸே என்ற றோசா நிற வைனில், "றோல்ஸுக்கும் இறால் பொரியலுக்கும்." மஸ்கட்டில், "தித்திப்பு. கடைசியிலை, றிச் கேக்கோடை." சிரா, கிறனாஷ், மூர்வெத்ர என்ற மூன்று திராட்சையும் கலந்த சிவப்பில், "ஆட்டிறைச்சிக்கு. ஒரு மணித்தியாலம் முதலே திறந்து வை. தூளைக் குறை, உறைப்புக் கூடினால் வாய் எரியும். முதல் மிடறு அத்தானுக்கு."

அந்தக் கடைசி வரியைப் பார்த்ததும் மட்டையைக் கவிழ்த்து வைத்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அவர் வருவதற்குள் நான்கையும் துவாயில் சுற்றி, உடுப்புத் தோய்க்கும் மெசினுக்குப் பின்னால் வைத்தேன். பிள்ளைகளிடம் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எனக்கு வைன் என்றால் பூசையில் சுவாமியார் கையில் இருக்கும் பாத்திரம்தானே. கோவிலுக்குக் கொடுத்தால் நாலு பூசைக்கு உதவும், வீட்டைவிட்டும் போகும் என்று நினைத்துவிட்டேன். சுவாமியார் சிரித்த சிரிப்பு இன்னும் காதுக்குள் நிற்கிறது. பூசை இரசம் வேறாக எடுப்பதாம், கண்டதையும் வைக்கக் கூடாதாம். மட்டையை வாசித்துவிட்டு, "பூசையிலை நண்டு இல்லையே அம்மா" என்றார். வேறு வேலையாக அந்தப் பக்கம் வருவேன், பாரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன் என்றும் சொன்னார். சரியென்று நான்கையும் அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தது இவர், உன் அத்தான். சுவாமியார் நான்கு போத்தலையும் இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இவர் மேசையில் வைத்து ஒவ்வொரு மட்டையாக வாசித்தார். கடைசி மட்டையை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் ஒளிச்சனீ? என்னிலை உனக்கு இன்னும் நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டார். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் என்னை இவ்வளவு சுட்ட கேள்வி வேறில்லை.

தம்பி, உன் அத்தான் குடித்தவர். பார்ட்டியில் ஒன்றிரண்டு என்று நினைக்காதே. வேலைக்குக் கொண்டுபோகும் தேத்தண்ணிப் பிளாஸ்கில் விஸ்கி. இரண்டு வேலை போனது. நீ டிக்கெட் எடுத்த கிழமை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, குடியை நிறுத்தும் சிகிச்சை தொடங்கியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறார் என்று எல்லோருக்கும் பொய் சொன்னேன். நீ வந்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவர் திரும்பி வரும் நாளில் வீட்டில் ஒரு போத்தல் இருந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கப்பட்டு, உன் மனதை வெட்டினேன். அன்றிலிருந்து இவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. ஒவ்வொரு வியாழனும் அஜின்கோர்ட்டில், தன்னைப் போல் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகிறார். காய்ச்சலென்றாலும் போவார்.

அன்று இவர் சொன்னது இதுதான்: "இந்த வீட்டுக்கை திறக்க வேண்டாம். எனக்குப் பயமில்லை எண்டு பொய் சொல்ல மாட்டன். சம்பந்தி வீட்டை கொண்டுபோய்க் குடுப்பம். மச்சான் எழுதின கறியை நான் வைக்கிறன்."

அப்படியே போன சனிக்கிழமை பிக்கரிங்கில், மாப்பிள்ளையின் தகப்பன் செல்வரட்ணம் வீட்டில் சமையல். இவர் நண்டும் ஆடும் வைத்தார். நீ தூளைக் குறைக்கச் சொன்னதைப் படித்துக் காட்டினேன். "வைனுக்காக நான் கறியைக் கெடுக்கிறதோ?" என்று இன்னும் ஒரு கரண்டி போட்டார். பிறகென்ன, சிவப்பைக் குடித்தவர்கள் ஆ ஊ என்று வெள்ளையைத் தேடி ஓடினார்கள். சம்பந்தி நண்டோடு சிவப்பைக் குடித்துவிட்டு, ஆணியைச் சப்பினது மாதிரி இருக்கு என்றார். நீ எழுதினபடி செய்திருந்தால் இந்தப் பாடு இல்லை. வெள்ளையை நண்டோடு குடித்தவர்கள் உன்னைப் புகழ்ந்து முடியவில்லை. மஸ்கட்டில் நானும் ஒரு மிடறு எடுத்தேன். தேனும் தோடம்பழத் தோலும் போல இருந்தது. உன் கை பட்டது என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன்.

எங்கள் ஆட்களைத் தெரியும்தானே, ஒருவன் வேண்டாமென்றால் விடமாட்டார்கள். "சம்பந்தி, ஒரு சொட்டு, பிள்ளையின்ரை சந்தோசத்துக்கு" என்று செல்வரட்ணம் கிளாஸை இவர் கையில் வைக்கப் பார்த்தார். மூன்று தரம். இவர் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும், "நான் குடிகாரன். பதின்மூண்டு வருசமாக் குடிக்கேல்லை" என்றார். அந்தக் கூட்டத்துக்கு வெளியே அவர் அதைச் சொன்னது இதுதான் முதல் தரம். பிறகு செல்வரட்ணம், "அப்ப கறியைக் கூடப் போடுங்கோ" என்று கரண்டியை எடுத்தார். அவ்வளவுதான் நடந்தது, தம்பி. வானம் இடிந்து விழவில்லை. இதற்குப் பயந்துதான் நான் இத்தனை வருடம் உன்னைத் தூர வைத்திருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் இவரிடம், நீ ஸ்டெபனியிடம் சொன்னதைச் சொன்னேன். இவர் காரை ஓரமாக நிறுத்திவிட்டார். "என்ரை குடிக்கு அவனுக்கல்லோ தண்டனை குடுத்திருக்கிறாய்" என்றார். இன்று எழுதச் சொன்னதும் அவர்தான். இங்கே மண்டபத்தில் பெண்ணின் தகப்பன் எழும்பி, கிளாஸைத் தூக்கி வாழ்த்துவது வழக்கம். அதைத் தாய்மாமன் செய்யட்டும், நான் பக்கத்தில் தண்ணீரோடு நிற்பேன் என்கிறார். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்றும் நீயே எழுதித் தர வேண்டுமாம். தூள் விசயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாராம்.

அவரைக் காப்பாற்ற நான் இருந்தேன். உனக்கு அங்கே யார் இருந்தார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதை நினைத்தால் இந்த வரியை எழுதவே கை வரவில்லை. அக்காவை மன்னி.

ஒக்டோபர் பதினைந்து, பதினாறு, பதினேழு, மூன்று நாளும் இவர் லீவு எடுத்துவிட்டார், எயார்போட்டுக்கு வர. நீ வருகிறாய் என்று யார் சொன்னது என்று கேட்டேன். ஒருவரும் சொல்லவில்லை, மூன்று நாளும் போய் நிற்பேன், வராவிட்டால் வெறுங்காரோடு திரும்பி வருவேன் என்றார்.

மாதா உன்னை வழிநடத்தி, எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாளாக.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா வேரோனிக்கா