ஒன்பதாயிரம் மைல் காணாது

2007 பெப்ரவரி 11, ஞாயிறு

லண்டனிலிருந்து யோகன் ரெலிபோன் எடுத்தான். நாலு நிமிசம். குளிராம், வேலையாம், சாப்பிட்டானாம். இங்கே வாற கதையை நான்தான் தொடக்கினேன். "இன்னும் ஒன்பதாயிரம் மைல் காணாது அம்மா" என்றான்.

மார்கழியில் நத்தாருக்குக் கேட்டபோது இரண்டாயிரம்தான் காணாது என்றவன். வேலை விஷயமாக மாதம் ஒருக்காப் பறக்கிறான். பறக்கப் பறக்க விமானக் கம்பனி அவன் கணக்கில் மைல் போடுகிறது. மைல் சேர்ந்தால் கொழும்புக்குச் சும்மா ரிக்கற். இது அவன் எனக்குப் படிப்பித்த பாடம். அப்படியென்றால் குறைகிற தொகை சுருங்க வேண்டும். எப்படிப் பெருத்தது? முப்பத்தொரு வருசம் கணக்குப் படிப்பித்தவளிடம் இந்தக் கதை. விடாமல் கேட்டேன். "கொஞ்சம் பழசு காலாவதியாப் போச்சு" என்றான். மைல் என்ன பேக்கரிப் பாணா, பூஞ்சணம் பிடிக்க?

அவனைக் கண்ணால் கண்டு எட்டு வருசம். எனக்கு அங்கே போக இரண்டு தரம் விசா மறுத்துவிட்டார்கள். அவனுக்கோ பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்து இரண்டு வருசம். தகப்பன் செத்தபோது லீவு இல்லை. இப்போது மைல் இல்லை.

பெப்ரவரி 15

இன்று ஒருவருடனும் கதைக்கவில்லை. தேங்காய்க்காரனைச் சேர்த்தால் ஒருவர். அவனும் விலையை மட்டும்தான் சொன்னான்.

பெப்ரவரி 21

பொலிசார் வந்து வீட்டுப் பதிவுத் துண்டைப் பார்த்தார்கள். படிவத்தில் ஒரே ஒரு பெயர். "தனியமத?" என்றான் ஒருத்தன். தனியத்தான் என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் கேட்ட விதத்தில் ஒரு இரக்கம் இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 2, வெள்ளி

கொழும்புக் கோட்டைக்கு, விமானக் கம்பனிக் கந்தோருக்குப் போனேன். கொள்ளுப்பிட்டியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் கைப்பையைத் துழாவிய பொம்பிளைப் பொலிஸ் தலையிடித் தைலத்தைத் திறந்து மணந்தும் பார்த்தாள்.

மைலை விலைக்கே வாங்கலாமாம்! இது தெரியாமல் இருந்திருக்கிறேனே. கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமையாகச் சொன்னாள். ஆயிரம் ஆயிரமாக வாங்கலாம், வருசத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லை உண்டு, கிரெடிட் கார்ட் வேண்டும். அந்தக் கார்ட்டில் சாமான் வாங்கினாலும் மைல் ஏறும். குறிப்பிட்ட ஹோட்டல்களில் தங்கினாலும் ஏறும். அல்லது, மைல் வைத்திருக்கிற வேறொருவர் தன் கணக்கிலிருந்து மாற்றிவிடலாம், அதற்கு ஒரு சின்னக் கட்டணம்.

என்னிடம் இருப்பது தபாற்கந்தோர்ச் சேமிப்புப் புத்தகம். மைல் சேர்க்கவென்று இந்த வயதில் ஹோட்டலில் போய்ப் படுக்கவும் ஏலாது. மாற்றிவிடலாம் என்றதுதான் மனதில் நின்றது.

மார்ச் 5

கீழ்வீட்டு மர்ஸூக் ஹாஜியார் புடவைக் கடைக்குச் சரக்கெடுக்க மாதாமாதம் பாங்கொக் போகிறவர், அதே கம்பனியில். மகள் ருக்கியாவுக்கு ஓ.எல். சோதனைக்குக் கணக்கு நான் படிப்பித்தது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"என்ட மைல்ஸ் சும்மாதானே கெடக்கு டீச்சர். நம்மட புள்ள வாறதுக்கு ஒதவாட்டி அது என்னத்துக்கு?" என்றார். கட்டணத்தை நான்தான் கட்டுவேன் என்று ஒரே பிடியாய் நின்றேன்.

ருக்கியா கொம்பியூட்டரில் செய்தாள். இந்த மைல் கதையை நான் நம்பவில்லை என்று போன வருசம் யோகன் தன் கணக்குப் பக்கத்தை அவளின் ஈமெயிலுக்கு அனுப்பியிருந்தான். இலக்கம் அதில் இருந்தது. பத்தாயிரம் மாற்றினோம். ஒன்பது கணக்குக்கு, ஒன்று காப்புக்கு. பொத்தானை என்னையே அமத்தச் சொன்னாள். அமத்தினேன். மாடி ஏறி வரும்போது முழங்கால் நோகவே இல்லை!

மார்ச் 11, ஞாயிறு

சொன்னேன். பத்தாயிரம் மைல் போட்டாச்சு என்று. "கேக்குதோ?" என்றேன். "கேக்குது. ஏனம்மா உதெல்லாம்?" பிறகு, "பாப்பம்" என்றான்.

பாப்பமாம்.

மார்ச் 18

எடுக்கவில்லை.

மார்ச் 25

எடுக்கவில்லை.

நான் என்ன விசர் வேலை செய்துவைத்திருக்கிறேன்! மைல் காணாது என்று சொல்லவாவது ஞாயிற்றுக்கிழமையில் எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு சாட்டுப்போக்கையும் ஆள் பிடித்து, கட்டணம் கட்டி, நானே பறிச்சுப் போட்டன். இனி அவன் என்னத்தைச் சொல்லுறது? என்னைப் பார்க்க அவனுக்கு மனமில்லை. எழுதிப் பார்த்தால் சின்ன வசனம்தான். இவ்வளவு நாளும் ஏன் எழுதாமல் இருந்தேன்?

மார்ச் 26

கட்டுநாயக்காவில் எயார்போட்டோடு ஒட்டின விமானப்படைத் தளத்துக்குக் குண்டு போட்டிருக்கிறார்கள். செத்த பொடியங்களைப் பற்றி ரேடியோவில் சொல்லும்போது எனக்கு வந்த நினைப்பு, யோகனுக்கு இனி நல்ல சாட்டு ஒன்று கிடைத்துவிட்டது என்பது. சீ. நானும் ஒரு மனுசியா?

ஏப்ரல் 1, ஞாயிறு

எடுத்தான். அவன் வாய் திறக்க முதலே நான் சொன்னேன்: "எயார்போட்டடியிலயே குண்டு போடுறாங்கள், நீ இப்ப வராதை ராசா." அவனுக்குச் சுகமாக இருக்கட்டும் என்றுதான்.

"அதில்லையம்மா" என்றான். பிறகு சொன்னான். தை மாதம் மைல் காணும் என்று ஆனதும் ரிக்கற் போட்டவனாம். சொல்லாமல் வந்து வாசலில் நிற்க நினைத்தானாம். ஹீத்ரோவில் சனமெல்லாம் ஏறி முடிய, இவன் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட, கதிரையை விட்டு எழும்பக் கால் வரவில்லையாம். ஏறாதபடியால் கம்பனி தண்டமாகக் கொஞ்ச மைலை வெட்டிவிட்டது. இரண்டாயிரம் ஒன்பதாயிரம் ஆன கணக்கு அதுதான்.

"எனக்குப் பயம் அம்மா. அங்க இறங்கி ஆரும் ஐடென்டிற்றி எண்டு கேட்டா நான் விழுந்துபோவன். அங்கயே இருக்கிற உங்களுக்கு இதை என்னெண்டு சொல்லுறது?"

தொண்ணூற்றேழில், பதினெட்டு வயதில், வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் அவனைப் பொலிசார் பிடித்துக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள். நானும் தகப்பனும் நாளாந்தம் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலைய வாசலில் நின்றோம். பதின்மூன்றாம் நாள் விட்டார்கள். முழுக வார்த்தேன், சாப்பாடு கொடுத்தேன், படுக்கவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானே என்ற பயம். அவனும் சொல்லவில்லை. பிறகு வெளியே அனுப்பிப்போட்டு, பிள்ளை வரவில்லை, வரவில்லை என்று திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இரண்டு பேரும் ரெலிபோனில் அழுதோம். ஐயோ, என்ர பிள்ளை.

ஏப்ரல் 4

ஹாஜியாருக்கு விஷயத்தைச் சொன்னேன். "மெட்ராஸுக்கும் அதே மைல்ஸ் போதும் டீச்சர். அவர் அங்க வரட்டும், நீங்க இங்கேர்ந்து ஒரு மணித்தியாலத்தில பெய்த்திருவீங்க" என்றார். எனக்கு இது ஏன் தோன்றவில்லை? கணக்கு ரீச்சராம்.

ஏப்ரல் 27

இந்திய விசா கிடைத்தது. வரிசையில் நின்று கால் வீங்கிவிட்டது.

மே 6, ஞாயிறு

இருபது நிமிசம் கதைத்தோம். "ஏறுவாய்தானே?" என்றேன். "தெரியேல்லை அம்மா" என்றான். உண்மையைச் சொல்கிறான். முந்தியென்றால் ஓம் என்றிருப்பான்.

மே 19, சனி, சென்னை

ஏறிவிட்டான்.

எயார்போட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வந்தவனை முதலில் அடையாளம் தெரியவில்லை. வயிறு வண்டி வைத்து, முன்மயிர் கொட்டி, யாரோ ஒரு கந்தோர்க்காரன் மாதிரி. "மெலிஞ்சு போனியள்" என்றான். "எனக்கும் சேர்த்து நீ சாப்பிட்டிருக்கிறாய் போல" என்றேன். சிரித்தான். சிரிப்பு பழைய சிரிப்புத்தான்.

லொட்ஜுக்கு ஓட்டோவில் போனோம். ஒரு சந்தியில் பொலிஸ்காரர் கையை நீட்டி மறித்தார். எங்களை மட்டும் இல்லை, எங்கள் பக்கத்து வாகனம் முழுவதையும். யோகன் ஓட்டோவிலிருந்து இறங்கி, தலையைக் குனிந்து, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான்.

"இன்னா சார் இது? ஏறிக் குந்துங்க, இப்ப விட்டுடுவேன்" என்று பொலிஸ்காரர் சிரித்தார். யோகன் அசையவில்லை.

நான் இறங்கிக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஏற்றினேன். பாஸ்போர்ட்டை வாங்கி என் பைக்குள் வைத்தேன். அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. ஓட்டோ எடுத்த பிறகு கேட்டேன்.

"அந்தப் பன்னிரண்டு நாளும் உன்னை என்னடா செய்தவங்கள்?"

"இப்பவோ அம்மா?"

"ஓம். இப்ப."

வெளியே பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினான். இரண்டாம் நாளுக்கு வரும்போது லொட்ஜ் வந்துவிட்டது. "நிப்பாட்டாதை தம்பி, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடு" என்று ஓட்டோக்காரனிடம் சொன்னேன்.