மூடச் சொன்ன அக்காவுக்கு

அக்கா,

வியாழக்கிழமை மாலை பள்ளிக்கூட மண்டபத்தின் கதவைத் தள்ளியதும் கஸ்டர்ட் மணம் முகத்தில் அடித்தது. மதியச் சாப்பாடு முடிந்து, மேசைகளை மடித்து, தரையைக் கழுவி எவ்வளவு நேரமானாலும் அந்த மணம் சுவரை விட்டுப் போவதில்லை. நான் அங்கே படித்த காலத்திலும் அப்படித்தான். "கஸ்டர்ட் மணக்குது, இனிக் கூட்டத்தைத் துவங்கலாம்" என்று சொல்லிக்கொண்டு நீங்கள் கோட்டைக் கூடக் கழற்றாமல் உட்காருவீர்கள். செலவைக் குறைக்க மாலையில் ஹீட்டரை நிறுத்தச் சொன்னவர் நீங்கள். குளிருகிறது என்று முதலில் முறையிடுவதும் நீங்கள்தான்.

நீங்கள் இல்லாமல் அந்த மணத்துக்குள் நுழைந்தால் அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்தை மூடப் பார்க்கிறவர்கள் மீது வந்த கோபத்தில் ஒரு பங்கு உங்கள் மீதும் இருந்தது. அதை உங்களிடமே சொல்லிவிடலாம் என்று எழுதுகிறேன்.

நான் ஸ்கூல் கவர்னர் ஆகிவிட்டேன் என்று அம்மா ஊரெல்லாம் தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணத்தில் மாமா ஒருவர், பாதுகாப்புக்குப் பொலிஸ் தருவார்களா என்று கேட்டாராம். அதை உங்களிடம் சொன்னபோது நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பறையில் கூட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "கவர்னர் எண்டால் என்ன தெரியுமே? சம்பளம் இல்லாமல் ஏச்சு வாங்கிற உத்தியோகம்" என்றீர்கள். உண்மைதான். பெற்றோர், ஆசிரியர், ஊர்க்காரர் என்று கொஞ்சப் பேர் வேலை முடிந்து வந்து, குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்து, பள்ளிக்கூடத்தின் வரவு செலவையும் பிள்ளைகளின் பெறுபேறுகளையும் பார்த்து, தலைமை ஆசிரியையைக் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் மூன்று கூட்டங்களிலும் நான் வாய் திறக்கவில்லை. நான்காவதில் நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "நீர் என்ன, போட்டோவுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறீர்? விளங்காட்டிக் கேளுமன்" என்றீர்கள்.

"கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பினம், அக்கா."

"பாக்கட்டுமே. உம்மட முகத்துக்கு என்ன குறை?"

ஜெர்மனியில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு லண்டனுக்கு வந்தவர் நீங்கள்; கவர்னர் சபையில்தான் எனக்கு அக்கா ஆனீர்கள். எந்த மேசையிலும் நினைத்ததை அப்படியே போட்டுவிடுவீர்கள். நான் புத்தகங்களுக்குள் ஒளிந்துகொள்கிறவள். நம் இருவருக்கும் ஒத்துப்போனது ஒன்றுதான்: அந்தச் சின்னப் பள்ளிக்கூடம். வருடத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. ரயில் போகும்போது ஜன்னல் அதிரும். தலைமை ஆசிரியை எல்லாப் பிள்ளைகளின் பெயரையும், அநேகமாக எல்லா அம்மாக்களின் பெயரையும் அறிந்திருக்கிற இடம்.

நீங்கள் கவர்னர் சபைக்கும் அதன் நிதிக்குழுவுக்கும் தலைவர். எனக்குப் பணக்கணக்கு புரிந்தது உங்களால்தான். பிள்ளைக்கு இவ்வளவு என்று தலையை எண்ணித்தான் அரசாங்கம் காசு தருகிறது. வாடகை ஏற ஏற குடும்பங்கள் லண்டனை விட்டு வெளியே போகின்றன. வகுப்பில் கதிரைகள் காலியாகின்றன. ஆனால் பாதி வகுப்புக்குப் பாதி ஆசிரியர் போட முடியாது, பாதிக் கூரைக்கு மட்டும் ஒழுக்கு அடைக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் துண்டு விழும் தொகை பெரிதாகிக்கொண்டே போனது. அப்படி ஒரு வருடத்தில்தான் வாசிப்புக்கு உதவும் ஆசிரியையின் வேலையை நிறுத்தலாம் என்று நீங்கள் முன்மொழிந்தீர்கள். நான் எதிர்த்துக் கை உயர்த்தினேன். தோற்றேன். அன்றைக்கும் வழக்கம்போல உங்கள் காரில்தான் வீட்டுக்கு வந்தேன். டூட்டிங் சிக்னலில் நின்றபோது கேட்டீர்கள்:

"இன்னும் கோவமோ?"

"ஓம்."

"நல்லது. கோவமா இரும். ஆனா முதல் பெல்ட்டைப் போடும்."

பிறகு வட்டார நிர்வாகமான கவுன்சிலின் அதிகாரி ஒருவர் ஒரு அறிக்கையுடன் வந்தார். எங்கள் பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைகளை இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கும் யோசனை. காரணம் இரண்டு: காசு இல்லை, ஆறாம் வகுப்புப் பெறுபேறுகள் நாட்டின் சராசரிக்குக் கீழே. அந்த இரண்டாவது காரணத்தை அதிகாரி வாசித்தபோது நீங்கள் குறுக்கிட்டீர்கள். "இந்த விழுக்காட்டுக்குள்ளே இருக்கிற பிள்ளைகள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டீர்கள். பெயர் சொல்வது முறையில்லை என்றார் தலைமை ஆசிரியை. "அப்படியானால் பெயரில்லாமல் சொல்லுங்கள்." அவர் சொன்னார். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பாரிஸிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன். குடும்பம் முழுவதும் ஒரே விடுதி அறையில் தூங்குகிற ஒரு பெண்பிள்ளை. சின்ன வகுப்பில் இரண்டு பிள்ளைகள் தடுமாறினாலே வரைகோடு கீழே இறங்கிவிடும். அந்தப் பையன் இப்போது நான்கு வரி எழுதுகிறான், அது எந்த வரைகோட்டிலும் வராது என்றார்.

நானும் ஒன்பது வயதில், வருட நடுவில், ஆங்கிலம் தெரியாமல் அந்தப் படிகளில் ஏறி வந்தவள். ஏதோ ஒரு வருடத்தின் கோட்டை நானும் கீழே இழுத்திருப்பேன். அதை யாரிடமும் சொன்னதில்லை. அன்று நான் தலையைக் குனிந்ததில் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மேசைக்குக் கீழே என் கையை ஒருமுறை அழுத்தினீர்கள்.

அதன் பிறகுதான் ரோல்ஸ் விவகாரம். கவுன்சில் பெற்றோரின் கருத்தைக் கேட்கக் கூட்டம் வைத்தது. எங்கள் சனம் மண்டபம் நிறைய வந்தது. நீங்கள் கடைக்குச் சொல்லி மட்டன் ரோல்ஸ், கடலை வடை, இரண்டு பெரிய கேத்தல் தேத்தண்ணீர் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தீர்கள். "வாறவனை வெறும் வயித்தோட விடலாமே?" அதிகாரி பேசினார், படம் காட்டினார், ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். மண்டபம் அமைதியாக இருந்தது. மினிகாப் வாடகைக் கார் ஓட்டும் சிவா அண்ணை எழும்பப் போனார்; அவருடைய மனைவி அவரைச் சேர்ட்டில் பிடித்து இழுத்தார். "இருங்கோப்பா. மனுசன் முதல் சாப்பிடட்டும், பேந்து கதைப்பம்."

அவர் சாப்பிட்டார். ரசித்துச் சாப்பிட்டார். வடையில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். எல்லாரும் சுற்றி நின்று விளக்கம் சொன்னார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு பொதியும் கட்டிக் கொடுத்தார்கள். அவர் காரில் ஏறிய பிறகுதான் எல்லாருக்கும் வாய் வந்தது. கார் நிறுத்துமிடத்தில் நின்று நீண்ட நேரம் திட்டினார்கள்.

இரண்டு கிழமை கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. பெற்றோர் திரளாக வந்தனர், சூழல் மிகவும் நட்பாக இருந்தது, குறிப்பிடத்தக்க எதிர்ப்பு எதுவும் இல்லை. நீங்கள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கத்தினீர்கள். "எங்கட ரோல்ஸைத் திண்டுபோட்டு எதிர்ப்பில்லை எண்டு எழுதியிருக்கிறான், பாத்தீரே! உறைப்பைக் கூட்டிப் போட்டிருக்க வேணும்!" அந்த மனிதர் பொய் எழுதவில்லை என்பதுதான் கொடுமை. அவர் பார்த்ததைத்தான் எழுதினார். எங்கள் மரியாதை அவருடைய நாட்டில் சம்மதம். நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள், சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. அந்த இருமலை ஒரு டொக்டர் கேட்க வேண்டும் என்று நான் சொன்னேன். "கூட்டம் எல்லாம் முடியட்டும்" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டாவது கூட்டம் கேட்டு வாங்கிவிட்டோம் என்று சொல்ல ஓடி வந்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். பிறகு, "விடும், பிள்ளை. சேர்க்கட்டும்" என்றீர்கள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"நான் கை உயர்த்திறதா இருந்தா மூடச் சொல்லித்தான் உயர்த்துவன். நல்ல டீச்சர்மார் இப்பவே வேற இடம் தேடுகினம். ஏலுமான தாய் தேப்பன் பிள்ளையளைக் கொண்டு போயிடுவினம். கடைசியில ஏலாததுகள்தான் மிஞ்சும், ஒழுகிற கூரைக்குக் கீழ. எங்கட டைல்ஸ் கடையை ஒரு வருசம் முன்னம் பூட்டியிருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும். இவர் கேக்கேல்லை."

"இது கடை இல்லை, அக்கா."

"கணக்கு ஒண்டுதான்."

உங்கள் கையில் ஊசி குத்தியிருந்தது, முகம் மெலிந்திருந்தது; உங்களோடு சண்டை பிடிக்க அது இடமில்லை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு பிடிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு தோடம்பழத்தை உரித்துத் தந்தேன். அடுத்த ஞாயிறு நீங்கள் இல்லை.

உங்களுக்குப் பிறகு கவர்னர் சபைக்குத் தலைமை தாங்க யாரும் விரும்பவில்லை. அதனால் அது என் தலையில் விழுந்தது. இரண்டாவது பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு கேத்தல் தண்ணீர் கூடச் சுட வைக்கக்கூடாது என்று சொன்னேன். "தேத்தண்ணியும் இல்லையோ? என்ன பிள்ளை, செத்த வீடே?" என்று சிவா அண்ணையின் மனைவி முகம் சுளித்தார். "அதிகாரி போனாப் பிறகு எங்கட வீட்டை போய்க் குடிப்பம், அக்கா. இப்ப கதையுங்கோ" என்றேன் அவரிடம். பசி ஒரு நல்ல பேச்சாளர் போலிருக்கிறது. அவரே முதலில் எழுந்தார். தமிழில் பேசினார், மகள் மொழிபெயர்த்தாள். அவருக்குப் பின்னால் கை கையாக உயர்ந்தது. அதிகாரி எழுதி எழுதி விரலை உதறினார்.

வியாழக்கிழமை எங்கள் முறை. மூடுவதை ஏற்கிறோமா, எதிர்க்கிறோமா என்று கவர்னர் சபை ஒரே பதில் அனுப்ப வேண்டும். உங்கள் வாதத்தை வங்கியில் வேலை செய்யும் கவர்னர் ஒருவர் அச்சொட்டாகச் சொன்னார். நல்ல மனிதர். அவர் பேசப் பேச எனக்கு உங்கள் குரல்தான் கேட்டது. ஆஸ்பத்திரியில் சொல்லாமல் விட்டதையெல்லாம் அவரிடம் சொன்னேன். கடை நட்டப்பட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். அந்தப் பாரிஸ் பையன் அடுத்த பள்ளிக்கூடத்தில் நூறு பேருக்குள்ளே இன்னொரு பேச்சில்லாத பையன். காசு இல்லாதது பிள்ளைகளின் குற்றமில்லை. பிள்ளை குறைவு என்று காசைக் குறைத்து, காசு குறைவு என்று ஆசிரியரைக் குறைத்து, பிறகு பெறுபேறு குறைவு என்று கதவை மூடுகிறவர்களுக்கு நாங்களாகச் சாவியை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டுமானால் அவர்களே மூடட்டும். எங்கள் கையெழுத்தோடு மூடக்கூடாது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தொடர்ந்து பேசினேன்.

கைகளை எண்ணினார்கள். சமம். சமமாக வந்தால் தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்று குறிப்பெழுதுபவர் நினைவுபடுத்தினார். நான் இரண்டாவது முறையும் கை உயர்த்தினேன். எதிர்க்கிறோம்.

இதனால் முடிவு மாறும் என்று சொல்ல முடியாது என்றார் அதிகாரி, மென்மையாகவே. தெரியும் என்றேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, அக்கா. கவர்னராக உங்கள் இடத்துக்கு இன்னும் எவரையும் நியமிக்கவில்லை. நீங்கள் அந்தக் குட்டிக் கதிரையில் இருந்திருந்தால், சொன்னபடியே மூடுவதற்குக் கை உயர்த்தியிருப்பீர்கள். சமம் வந்திருக்காது. நான் தோற்றிருப்பேன். நீங்கள் செத்துப்போனதால் நான் வென்றேன்.

இதை எவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆறுதல் சொல்வார்கள். நீங்கள் மனம் மாறியிருப்பீர்கள் என்பார்கள். மாறியிருக்க மாட்டீர்கள். எனக்கு நீங்கள் மாறவும் வேண்டாம். உங்களை ஒத்துக்கொள்ள வைக்காமலே வென்ற ஒரு வெற்றியைத் தூக்கிக்கொண்டு திரிகிறேன், அது பாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு தடவை எண்ணினாலும், நீங்கள் எதிரே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டே உங்கள் கையை உயர்த்தினாலும், நான் என் கையை இறக்க மாட்டேன்.